மலை மேல டென்ட், தலைக்கு மேல ஐப்பசி மழை: ஊர்க்காரர்களுக்குத் தெரிந்து டூரிஸ்ட்டுக்குத் தெரியாதது என்ன?

தீபாவளி லீவு, கூடவே ஒட்டி வரும் சனி, ஞாயிறு. நாலு நண்பர்கள், ஒரு கார், மலை உச்சியில் ஒரு டென்ட். காலையில் கண் விழித்தால் கீழே பஞ்சு மாதிரி மேகம், மேலே சூரியன். அக்டோபர் வந்தாலே செல்போனைத் திறந்தால் இந்த மாதிரி ரீல்ஸ்தான் வரிசையா வருது.

ஆனா இதே நாட்களில்தான் வடகிழக்கு பருவமழையும் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் இந்த மழை தொடங்குவதற்கான சராசரி தேதி அக்டோபர் 20. 2025ல் தீபாவளி வந்ததும் அதே அக்டோபர் 20தான். மாநிலத்துக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 3 மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று ஊரில் சும்மா சொல்லவில்லை.

சென்னையில் மழை என்றால் எங்கே தண்ணீர் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மலையில் மழை என்றால் என்ன ஆகும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போக வருபவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஆபத்து தொடங்குவதே இந்த இடைவெளியில்தான்.

சூரிய உதயம் தெரியும் இடம்தான் காற்று அடிக்கும் இடம்

டென்ட் போடுவதற்கு அதிகம் பேர் தேடும் இடங்கள் ரெண்டு. ஒன்று, சூரிய உதயம் தெரியும் மலை விளிம்பு. இன்னொன்று, ஓடை ஓரம்.

முதல் இடத்தைப் பார்ப்போம். சூரிய உதயம் தெரியணும்னா அந்த இடம் கிழக்கைப் பார்த்து, எதிரே மறைப்பு எதுவும் இல்லாமல் இருக்கணும். தேனி மாவட்ட எல்லையில் சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலை இதற்கு நல்ல உதாரணம். உச்சியில் நின்றால் கிழக்கே சமவெளி முழுக்கத் தெரியும். அந்தக் காட்சிக்காகத்தான் விடியற்காலை 4 மணிக்கே ஜீப் பிடித்துப் போகிறார்கள்.

ஜூன், ஜூலையில் தென்மேற்கு பருவமழை அடிக்கும்போது இந்தக் கிழக்குச் சரிவுகள் ஓரளவு மறைவாக இருக்கும். மழை மேகத்தின் பெரும்பகுதி மேற்குப் பக்கம் கேரளாவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஐப்பசி வந்தால் காற்று திசை மாறுகிறது. வங்கக் கடலில் இருந்து ஈரத்தோடு வரும் கிழக்குக் காற்று, சமவெளியைத் தாண்டி முதலில் முட்டுவதே இந்தச் சரிவுகளில்தான். மலையில் முட்டிய காற்று மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மழையாகும். ஆகஸ்ட்டில் போய் 'செம இடம்' என்று வீடியோ போட்டவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது வேறு காற்று.

ரெண்டாவது இடம் ஓடை ஓரம். மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம். ஓடைக்குப் பக்கத்தில் மட்டும் மணல் பரப்பி வைத்த மாதிரி ஒரு துண்டு இடம் இருக்கும். டென்ட் அடிக்க அவ்வளவு வசதி. ஆனா அந்த மணலை அங்கே கொண்டு வந்து பரப்பியது யார்? பழைய வெள்ளம்தான். தண்ணீர் ஏற்கெனவே வந்துபோன இடம் அது. மேலே 5 கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டினால் போதும், டென்ட் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு விழாமலேயே காட்டாறு வந்து சேரும்.

நீலகிரியில் தோடர் மக்களின் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்த கூரை, குனிந்து தவழ்ந்து போகிற மாதிரி சின்ன வாசல். காற்று பிடித்துத் தள்ள அதன் பக்கவாட்டில் செங்குத்துச் சுவர் இல்லை, மழை நிற்க ஒரு மடிப்பும் இல்லை. இன்றைய டென்ட்டும் ஏறக்குறைய அதே வடிவம்தான். ஆனா தோடர் வீடு எங்கே கட்டப்பட வேண்டும் என்று முடிவு செய்தது பல தலைமுறை அனுபவம். டென்ட்டின் இடத்தை முடிவு செய்வது வியூ.

கடலில் புயல், மலையில் மரணம்: எப்படி?

'புயல் கடற்கரைக்குத்தானே, நாம போறது மலைக்கு' என்ற நினைப்பு பலருக்கும் இருக்கிறது. 2024 ஃபெஞ்சல் புயல் அந்த நினைப்பைத் தப்பு என்று காட்டியது.

நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரையைக் கடந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் அதிகம். ஆனா புயல் வலுவிழந்து, மெதுவாக உள்நோக்கி நகர்ந்தது. டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலையடிவாரக் குடியிருப்பில் மண்சரிவு ஏற்பட்டு 7 பேர் இறந்தனர். அவர்களில் 5 பேர் குழந்தைகள். கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

கரையைக் கடந்ததும் புயலின் காற்று வேகம் குறையும். அது தாங்கி வரும் ஈரம் அவ்வளவு சீக்கிரம் குறையாது. வழியில் மலை குறுக்கிட்டால் அந்த ஈரத்தை மலை பிழிந்து எடுக்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு மேற்கே போய் திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் மலையையும் விட்டுவைக்கவில்லை. டிவியில் கேமரா எல்லாம் கடற்கரையில் இருந்தபோது மலையில் மரங்கள் ரோட்டில் விழுந்து கிடந்தன.

புயல் என்று பெயர் வைக்காத மழையும் இதைச் செய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் சில நாட்கள் விடாமல் பெய்த மழையில், நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே இருக்கும் கேத்தியில் நவம்பர் 10ஆம் தேதி பதிவான மழை 82 செ.மீ. நீலகிரியிலேயே மேற்கே இருக்கும் கூடலூர் பக்கம் ஜூலையில் நனையும். கிழக்கே இருக்கும் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் நவம்பரில் நனையும். 'ஊட்டி போறோம்' என்று பொதுவாகச் சொல்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. குன்னூர் டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஆரஞ்சு அலர்ட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

மஞ்சள் என்றால் நிலைமையைக் கவனித்துக்கொண்டே இருங்க. ஆரஞ்சு என்றால் தயாரா இருங்க. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்க. மழை அளவைப் பொறுத்தவரை, 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21 செ.மீ.யும் அதற்கு மேலும் அதி கனமழை என்று வானிலை ஆய்வு மையம் பிரிக்கிறது.

20 செ.மீ. என்றால் எவ்வளவு? ஒரு ஏக்கர் நிலத்தில் 20 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 8 லட்சம் லிட்டர். சமவெளியில் அது குளமாக நிற்கும். சரிவில் நிற்காது, இறங்கும். இறங்கும்போது மண்ணையும் கல்லையும் கூட்டிக்கொண்டு போகும்.

பிரச்சினை என்னவென்றால், அலர்ட் மாவட்டத்துக்குக் கொடுக்கப்படுகிறது. மாவட்டம் என்பதோ சமவெளியும் மலையும் சேர்ந்தது. தேனி பேருந்து நிலையத்தில் தூறல் போடும் நேரத்தில், அதே மாவட்டத்தின் மேகமலையில் பெருமழை பெய்யலாம். ரெண்டுக்கும் ஒரே கலர்தான். அலர்ட் ஒரு நாளுக்கானது. டென்ட்டில் இருப்பவருக்குத் தேவைப்படுவதோ அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கான தகவல்.

கொழுக்குமலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேயிலைத் தோட்டம் இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். அங்கே ஜீப் ஏறிப் போவதோ கேரளாவின் இடுக்கி மாவட்டம் சூரியநெல்லி வழியாக. தேனி அலர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், திரும்பி வரும் பாதை இருக்கும் மாவட்டத்தில் என்ன கலர் என்பதே தெரியாமல் போய்விடும். ரெண்டையும் பார்க்கணும்.

அப்படின்னா அலர்ட்டால் பயனில்லையா? நிச்சயமாக இருக்கிறது. போகலாமா, வேண்டாமா என்று வீட்டில் இருந்தபடி முடிவெடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனா மேலே போனபிறகு, எந்த ஓடை, எந்தச் சரிவு என்ற கேள்விக்கு அந்தக் கலரில் பதில் இல்லை. அந்தப் பதிலை வைத்திருப்பது ஊர்க்காரர்கள்.

ஊர்க்காரர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

மலையில் வாழ்பவர்கள் வானத்தைவிட தரையை அதிகம் கவனிக்கிறார்கள். முதல் நாள் மழையை மண் குடித்துவிடும். ரெண்டாவது நாள் ஊறும். மூன்றாவது நாள் குடிக்க முடியாமல் கனத்து நிற்கும். அதற்கு மேல் பெய்யும் சின்ன மழை கூட போதும். எனவே 'இன்னைக்கு எவ்வளவு பெய்யுது' என்பதைவிட 'எத்தனை நாளா பெய்யுது' என்பதுதான் அவர்களுடைய கணக்கு. நேற்றுவரை மழை பார்க்காத ஊரில் இருந்து காலையில் கிளம்பி வருபவரிடம் இந்தக் கணக்கு இருக்காது. அவர் வந்த நாளில் வெயில் அடித்தால் எல்லாம் சரி என்றே தோன்றும்.

அடுத்தது ஓடைத் தண்ணீர். தெளிவா ஓடிக்கொண்டிருந்த தண்ணி திடீரென கலங்கி, இலை தழையோடு வந்தால் மேலே எங்கோ மண் கரைகிறது என்று அர்த்தம். அதைவிட மோசமான அறிகுறி, பெய்யும் மழையில் ஓடைத் தண்ணி குறைவது. விஷயம் தெரியாதவர் 'வெள்ளம் வடியுது' என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார். உண்மையில் மேலே சரிந்த மண்ணும் மரமும் ஓடையை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கீழே வரும்.

நேராக நின்ற மரம் சாய்ந்திருப்பது, தரையில் புதிதாக விரிசல் தெரிவது, சுவரிலிருந்து கதவு விலகி மூட முடியாமல் போவது, மேலிருந்து கல் உருளும் சத்தம் என்று அறிகுறிகள் இன்னும் இருக்கின்றன. இதெல்லாம் மந்திரம் இல்லை. மண்சரிவு பற்றிய அரசு கையேடுகளும் இதையேதான் சொல்கின்றன. வித்தியாசம், ஊர்க்காரருக்கு நேற்று அந்த மரம் எப்படி நின்றது என்று தெரியும். டென்ட்டில் இருப்பவருக்கு அது முதல் நாள்.

மழையிலும் அவர்களுக்கு ரெண்டு ரகம் உண்டு. அக்டோபரில் பெரும்பாலும் காலையில் வெயில், மதியம் மேகம், சாயங்காலம் இடி மின்னலோடு ஒரு வெட்டு மழை. அது வந்த வேகத்தில் போய்விடும். அதில் பயம் மின்னலுக்கு. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவான பிறகு வருவது வேறு மாதிரி. இடி பெரிதாக இருக்காது, வெயிலும் வராது, ராத்திரி பகலாக நசநசவென்று பெய்துகொண்டே இருக்கும். பார்க்கச் சாது. மண்ணை இளக்குவது இந்த ரகம்தான்.

அப்போ ஏன் யாரும் தடுப்பதில்லை?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சங்கடமாகிறது. ஆபத்து தெரிந்த ஊர்க்காரருக்கும் அந்த டென்ட் ஒரு வருமானம். ஜீப் ஓட்டுபவர், சமைத்துத் தருபவர், விறகு கொண்டு வருபவர், இடத்தை வாடகைக்கு விட்டவர் என்று ஒரு டென்ட்டை நம்பி நாலு குடும்பம் இருக்கும். 'வராதீங்க, மழை பலமா இருக்கும்' என்று சொன்னால் அன்றைய கூலி போச்சு. புக்கிங் வாங்குபவர் பல நேரங்களில் அந்த ஊரிலேயே இருப்பதில்லை. எங்கோ நகரத்தில் உட்கார்ந்து பேஜ் நடத்துபவருக்கு ஓடை கலங்குவது எப்படித் தெரியும்?

வருபவர் பக்கமும் பணம்தான் முடிவெடுக்கிறது. அட்வான்ஸ் கட்டியாச்சு, லீவு போட்டாச்சு, கார் எடுத்தாச்சு. அலர்ட் வந்தாலும் 'போய்ப் பார்ப்போம், ரொம்ப மழையா இருந்தா திரும்பிடலாம்' என்று கிளம்புகிறார்கள். மலைப்பாதையில் மரம் விழுந்தபிறகு திரும்பும் சாய்ஸ் அவர்கள் கையில் இருக்காது. ஆரஞ்சு அலர்ட் வந்தால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்ற ஒரு நிபந்தனை இருந்தாலே, பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இதை புக்கிங் செய்யும் முன்பே கேட்டு வாங்கலாம். கேட்பவர்கள் குறைவு.

டென்ட் யார் கணக்கில் வருகிறது?

2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. ஆன்லைன் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. உள்ளூர் அறிவை டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு இது.

இது வனத்துறை பாதைகளுக்கு. தனியார் தோட்டம், பட்டா நிலத்தில் முளைக்கும் டென்ட்டுகள் வேறு கதை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயம். எந்த வண்டி, எத்தனை பேர் என்று அதில் பதிவாகிறது. ஆனா அது வாகன நெரிசலுக்காக வந்த ஏற்பாடு. ராத்திரி 11 மணிக்கு மண்சரிவு அபாயம் என்று தெரிந்தால், லாட்ஜுக்கு போன் போட்டு எச்சரிக்க முடியும். எந்தச் சரிவில் எத்தனை டென்ட் நிற்கிறது என்று தெரியாமல் எங்கே போய் எழுப்புவது? ஆபத்து நேரத்தில் வருவாய்த் துறையும் தீயணைப்புத் துறையும் கடைசியில் நம்ப வேண்டியிருப்பது, 'அந்தத் தோட்டத்துப் பக்கம் ரெண்டு கார் போச்சுங்க' என்று சொல்லும் டீக்கடைக்காரரைத்தான்.

மழையில் மாட்டிக்கொண்டால்?

முதலில் டென்ட்டைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். நனைந்த மண்ணில் முளைக்குச்சி பிடிக்காது. பலமான காற்றில் ஒன்று பிடுங்கினால் மற்றவையும் வந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே கட்டடத்துக்கு மாறுவது நல்லது. ஓடை ஓரத்தில் இருந்தால் ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறணும். இருட்டில், ஓடும் தண்ணீரை நடந்தோ காரிலோ கடக்கவே கூடாது.

இடி இடித்தால் மரத்தடி ஆகாது, மலை விளிம்பு ஆகாது, டென்ட்டும் பாதுகாப்பில்லை. பக்கத்தில் கார் இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்காரலாம். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலியும், மழை, வெள்ள எச்சரிக்கைக்குத் தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியும் இருக்கின்றன. ஆனா மலையில் கரண்ட் போய் சில மணி நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்தால் சிக்னல் இருக்காது. கிளம்பும் முன்பே ஊரில் ஒருவரிடம் எங்கே தங்குகிறோம் என்று சொல்லி வைப்பது எந்தச் செயலியையும்விட உதவும். போன் வேலை செய்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

பலரும் எதிர்பார்க்காத ஆபத்து குளிர். 7,000 அடியில் நவம்பர் ராத்திரி, நனைந்த ஜீன்ஸ், விடாத காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் வேகமாக இறங்கும். நடுங்குபவர் பேச்சு குழறினாலோ, நடுக்கம் நின்று தூக்கம் சொக்கினாலோ அது 'சரியாயிடுச்சு' என்பதற்கான அடையாளம் இல்லை, ஆபத்து முற்றியதற்கான அடையாளம். ஈரத் துணியை மாற்றி, உலர்ந்த போர்வையில் சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். குளிருக்காக பார்பிக்யூ கரி அடுப்பை டென்ட்டுக்குள் இழுத்து வைப்பது அதைவிடப் பெரிய தப்பு. கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

மழை விட்ட பிறகு

மழை விட்ட காலையில் மலைப்பாதையில் முதலில் வருவது பெரும்பாலும் அரிவாளும் ரம்பமும் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள்தான். விழுந்து கிடப்பது அநேகமாக தைலமரமோ சவுக்கோ சீகையோ. ஒரு பக்கம் வெட்டி வழி விட்டதும் டூரிஸ்ட் கார்கள் இறங்கும். அன்று சாயங்காலமே அந்த ராத்திரி ஒரு கதையாக ஸ்டேட்டஸில் வந்துவிடும்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் அந்தக் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கார் போகும் அகலத்தில் லாரி போகாது. பிடுங்கி மூட்டை கட்டிய கேரட் ரோட்டோரம் காத்திருக்கும். பிடுங்காத கேரட் ஈரத்தில் அழுகும். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் வேரில் தண்ணி நின்றால் அதே கதிதான். மேலும் சில நாள் கரண்ட் இல்லாமல், ரேஷன் வண்டி வராமல், பிரசவத்துக்குக் கீழே இறங்க முடியாமல் இருப்பவர்களும் இவர்கள்தான். அதற்குள் வங்கக் கடலில் அடுத்த தாழ்வுப் பகுதி பற்றிய செய்தி வந்திருக்கும். அடுத்த வாரத்துக்கான டென்ட் புக்கிங்கும் வந்திருக்கும்.